துடைப்பம் யார் கையில்? அரசியல் அரங்கில் பெண்: தோல் நிலத்திலிருந்து சில கேள்விகள்

1

நமது அரசியல் அரங்கில் தொழிலாளி என்றால் யார்? தலையில் துண்டு, மடித்துக் கட்டிய லுங்கி, மேலே தூக்கிய முஷ்டி. பறை அடித்துக் கூட்டம் சேர்ந்ததும் வட்டத்துக்குள் முதலில் வருகிறவன் அவன்தான். முதலாளிக்குத் தொப்பை, போலீசுக்குத் தடி, அரசியல்வாதிக்குத் தோளில் நீளத்துண்டு. ரெண்டு நிமிஷத்தில் ஜனங்களுக்கு யார் யார் என்று புரிந்துபோகும். வீதி நாடகத்தின் பலமே இந்தச் சுருக்கம்தான். ஆனால் இந்தச் சுருக்கத்துக்குள் பெண் வரும்போது என்ன ஆகிறாள் என்பதை நாம் உட்கார்ந்து பேசியதில்லை. பேச ஆரம்பித்தாலும், 'இருக்கட்டும் தோழர், முதல்ல நாடகம் போய்ச் சேரட்டும்' என்று முடித்துவிடுகிறோம்.

நாம் பார்த்துப் பழகிய நாடகங்களில் அவளுக்கு நாலு வேஷம் உண்டு. ஒன்று, தாய். மகன் செத்த பிறகு கொடியைக் கையில் எடுப்பவள். இரண்டு, குறுக்கே நிற்கும் மனைவி. 'வீட்ல அரிசி இல்ல, நீ ஸ்டிரைக்குன்னு போறியே' என்று அழுதுவிட்டு, கணவன் விளக்கியதும் தெளிவடைபவள். மூன்று, சிதைக்கப்பட்ட உடல். ஒரு அலறல் கேட்கும், ஒரு சேலைத்துணி தரையில் விழும், உடனே ஆண்கள் கோபம் கொண்டு எழுவார்கள். நாலு, காலிக்குடம். தண்ணீர்ப் பிரச்சினை என்றால் குடத்தோடு வரிசையில் நிற்பவள். அவள் நிற்பாள், பேசுவது பக்கத்தில் இருக்கும் ஆண்.

இந்த நாலிலும் பொதுவான ஒன்று இருக்கிறது. நாலு பெண்களும் எதற்கோ அடையாளமாக வருகிறார்கள். தாய் தியாகத்துக்கு, மனைவி பின்தங்கிய உணர்வுக்கு, சிதைந்த உடல் சாதியின் அல்லது வர்க்கத்தின் மானத்துக்கு, குடம் வறுமைக்கு. ஆண் கதாபாத்திரமும் அடையாளம்தான், மறுக்கவில்லை. ஆனால் அவன் தன் நிலைமைக்கே அடையாளம். தான் செய்யும் வேலையின் பெயரால் மேடைக்கு வருகிறான், அந்த வேலையைப் பற்றியே பேசுகிறான். அவள் இன்னொருவனுடைய நிலைமைக்கு அடையாளம். வேலையில்லாமல் வருகிறாள். இந்த வித்தியாசத்தைத்தான் இந்தக் கட்டுரை பிடித்துக்கொள்ள விரும்புகிறது.

2

இதற்கு ஒரு வம்சாவளி உண்டு. திராவிட இயக்க நாடகங்களை எடுத்துக்கொள்வோம். அண்ணாவின் 'வேலைக்காரி' 1940களில் மேடையேறி 1949ல் படமானது. தலைப்பில் இருப்பவள் வேலைக்காரி அமிர்தம். ஆனால் நாடகத்தை நகர்த்துகிறவன் ஆனந்தன். பழிவாங்குவது அவன், கேள்வி கேட்பது அவன், நீண்ட வசனம் அவனுக்கு. அமிர்தத்தின் பிரச்சினை எஜமானன் மகனோடு நடக்கும் கல்யாணத்தில் தீர்ந்துவிடுகிறது. பாத்திரம் தேய்த்த கை, கூலி எவ்வளவு, வேலைநேரம் எத்தனை என்பவை கேள்வியாகவே எழவில்லை. வேலைக்காரியை மருமகளாக்குவது சீர்திருத்தம். வேலைக்காரியை வேலைக்காரியாகவே பேச வைத்திருந்தால் அது வேறு அரசியல்.

திருவாரூர் தங்கராசு எழுதி எம்.ஆர்.ராதா ஊர் ஊராக நடித்த 'ரத்தக்கண்ணீர்' இன்னும் சிக்கலான பிரதி. 1954ல் படமாக வந்த அதன் முடிவை நினைத்துப் பாருங்கள். குஷ்டம் பிடித்த மோகனசுந்தரம் தன் மனைவி சந்திராவைத் தன் நண்பன் பாலுவுக்கு மணம் முடித்து வைக்கிறான். மறுமணத்தை ஒரு பொதுமேடையில் அன்றைக்குப் பேசியது சாதாரணக் காரியமில்லை. அந்தத் துணிச்சலுக்கு மரியாதை உண்டு. ஆனால் அந்தக் கல்யாணம் ஒரு ஆண் இன்னொரு ஆணுக்குக் கொடுப்பதாகவே நடக்கிறது. புரட்சியைச் செய்கிறவன் கொடுப்பவன். கொடுக்கப்படுகிறவள் தலைகுனிந்து நிற்கிறாள். இன்னொரு பக்கம் காந்தா, தாசி. சமூகம் உண்டாக்கிய ஒரு தொழிலின் முழுப் பாவமும் அவள் தலையில். குடும்பப் பெண்ணுக்கு விடுதலை, மற்றவளுக்குத் தண்டனை என்ற இந்தக் கணக்கு அப்புறம் வந்த எத்தனையோ 'முற்போக்கு' நாடகங்களில் கேள்வியில்லாமல் தொடர்ந்தது.

இடதுசாரி அரங்கு வேறொரு பெண்ணைக் கொண்டுவந்தது. கார்க்கியின் 'தாய்'. ரகுநாதன் மொழிபெயர்ப்பில் அதைப் படித்து அழாத தோழர் யாரும் இல்லை. பிரெக்ட் 1932ல் அதை நாடகமாக்கினார். படிக்கத் தெரியாத ஒரு கிழவி எழுத்துக் கற்று, துண்டறிக்கை கொண்டுபோய்க் கொடுத்து, கடைசியில் ஊர்வலத்தின் முன்னால் நிற்கிறாள். பெரிய பாத்திரம், சந்தேகமில்லை. ஆனால் நம் ஊருக்கு வரும்போது அந்தத் தாயிடமிருந்து படிப்பும் தந்திரமும் கேலியும் உதிர்ந்து கண்ணீர் மட்டும் மிஞ்சிவிட்டது. மேலும் ஒன்று: அவள் மகன் வழியாகத்தான் அரசியலுக்கு வருகிறாள். மகள் வழியாக அரசியலுக்கு வந்த தாயை நம் மேடை எப்போதாவது காட்டியதுண்டா? ஆம்பூரில் இருந்து பார்த்தால் இது சும்மா கேட்கிற கேள்வி இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

3

வேலூர், ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றை ஒட்டிய இந்த ஊர்கள் 2019 வரை ஒரே வேலூர் மாவட்டம், இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்று மாவட்டம். ஆவாரம்பட்டையிலும் கடுக்காயிலும் தோல் பதனிட்டது பழைய கதை. குரோம் வந்தது, ஏற்றுமதி வந்தது, ஆறு போனது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடர்ந்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்சநீதிமன்றம் தந்த தீர்ப்பு, 'மாசுபடுத்துபவரே ஈடுகட்ட வேண்டும்' என்பதை இந்தியச் சட்டத்துக்குள் உறுதியாகக் கொண்டுவந்தது. தோல் பதனிடும் ஒவ்வொரு ஆலைக்கும் 10,000 ரூபாய் அபராதமும் போட்டது. அதற்குப் பிறகும், 2015 ஜனவரி 31 அன்று, ராணிப்பேட்டையில் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தின் கழிவுத் தொட்டிச் சுவர் உடைந்து, தூங்கிக்கொண்டிருந்த 10 பேர் சேற்றில் மூழ்கிச் செத்தார்கள்.

தோல் தொழிலைப் பற்றி நாடகம் போட வேண்டும் என்றால் நம் மனசில் முதலில் வருவது இந்தப் படம்தான்: சுண்ணாம்புத் தொட்டி, அதில் இறங்கி நிற்கும் தலித் ஆண், புண்ணான கால், நாற்றம் என்று ஊர் ஒதுக்குவது. டி.செல்வராஜின் 'தோல்' நாவல் (2010) திண்டுக்கல்லை வைத்து இந்த உலகத்தை விரிவாக எழுதியது, 2012ல் சாகித்ய அகாதமி பரிசும் பெற்றது. அந்த உண்மை உண்மைதான். ஆனால் அதற்குள் இந்த வட்டாரத்தில் தொழில் எங்கே போய்விட்டது என்று பாருங்கள். பதனிட்ட தோலை அனுப்பிய காலம் போய், ஷூவாகவும் ஷூவின் மேல்பாகமாகவும், அதாவது 'அப்பராக', அனுப்பும் காலம் வந்து பல பத்தாண்டுகள் ஆகின்றன. டேனரியில் பெரும்பாலும் ஆண்கள். ஷூ கம்பெனியில் தையல் மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருப்பது பெரும்பாலும் பெண்கள். விடியற்காலையில் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து கம்பெனி வண்டிகள் அவர்களை அள்ளிக்கொண்டு போகின்றன.

அதற்கும் அடியில் இன்னொரு அடுக்கு. கம்பெனிக்குப் போக முடியாதவர்கள் (கைக்குழந்தைக்காரி, வயசானவள், வீட்டை விட்டு அனுப்பப்படாதவள்) திண்ணையில் உட்கார்ந்து கையால் அப்பர் தைக்கிறார்கள். வெட்டிய துண்டுகளை மூட்டையாக ஒரு ஏஜென்ட் கொண்டுவந்து போடுகிறார், தைத்ததை எண்ணி வாங்கிப் போகிறார். ஜோடிக் கணக்கில் கூலி, அதுவும் சில ரூபாய். ஊசி குத்திய விரல், முதுகுவலி, கண் எரிச்சல். இ.எஸ்.ஐ. இல்லை, பி.எஃப். இல்லை, கம்பெனி பெயரே தெரியாது. 2016ல் ஹோம்வொர்க்கர்ஸ் வேர்ல்ட்வைட், லேபர் பிஹைண்ட் தி லேபல், பெங்களூரின் சிவிடெப் ஆகியவை சேர்ந்து ஆம்பூர் வட்டாரத்தின் இந்தப் பெண்களைப் பற்றி ஒரு அறிக்கை வெளியிட்டன. வீட்டிலிருந்து செய்யும் வேலைக்கான ஐ.எல்.ஓ. உடன்படிக்கை (எண் 177) 1996லேயே வந்துவிட்டது. இந்தியா அதை ஏற்றுக் கையெழுத்திடவில்லை. அரசு இவர்களைத் தொழிலாளி என்று பார்க்கவில்லை, சரி. நம்ம நாடகம் பார்த்ததா?

இதனால்தான் தாய்-மகன் என்ற இணை இங்கே பொருந்தவில்லை என்கிறேன். தாய் திண்ணையில் கைத்தையல், மகள் கம்பெனியில் மிஷின் தையல். ஒரே ஷூவின் ரெண்டு பாகம், ஒரே வீட்டின் ரெண்டு தலைமுறை. மகள் கம்பெனியில் டார்கெட் ஏறினால் அதன் சுமை ஏதோ ஒரு வழியில் திண்ணைக்கும் வரும். மகள் கல்யாணமாகி, பிள்ளை பெற்று, வேலையை விட்டு நின்றால் அவளும் ஒருநாள் அதே திண்ணையில் மூட்டையைப் பிரிப்பாள். இதற்குள் வர்க்கம் இருக்கிறது, சாதி இருக்கிறது, கல்யாணம் என்ற நிறுவனம் இருக்கிறது, உலகச் சந்தை இருக்கிறது. ஒரு நாடகத்துக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. ஆனால் 'தொழிலாளி' என்ற சொல்லுக்கு நாம் வைத்திருக்கும் பழைய படம் நம் கண்ணை மறைக்கிறது. படம் தவறாக இருந்தால் கோஷமும் தவறாகிவிடும். கூலி உயர்வு கேட்கும் நாடகத்தில் ஜோடிக்கூலி என்ற சொல்லே வரவில்லை என்றால், அந்த நாடகம் யாரிடம் யாருக்காகக் கூலி கேட்கிறது?

4

இனி கூத்துக்கு வருவோம். தமிழ்நாட்டில் பெண்ணை நடுவில் வைத்து நடக்கும் மிகப்பெரிய அரங்கு எது? சபா நாடகமும் இல்லை, வீதி நாடகமும் இல்லை. வட ஆற்காட்டின் திரௌபதி அம்மன் கோயில் பாரதக் கூத்துதான். பகலில் பாரதப் பிரசங்கம், ராத்திரியில் கூத்து, கடைசிநாள் படுகளம். புரிசை கண்ணப்பத் தம்பிரானின் பெயரால் நகரத்து நவீன நாடகக்காரர்களுக்கும் இது தெரிந்தது. ந.முத்துசாமி 1977ல் தொடங்கிய கூத்துப்பட்டறை இதன் ஆட்டத்தையும் அடவையும் எடுத்துக்கொண்டது. இடதுசாரிக் குழுக்கள் கட்டியங்காரனை எடுத்துக்கொண்டன, அரசியல் கேலிக்கு அவன் தோதாக இருந்தான். திரௌபதியை எடுத்துக்கொண்டது யார்?

துகிலுரிதலைப் பாருங்கள். சேலையைத் தொடப்போகும் முன் துச்சாதனன் வேஷக்காரர் அம்மனிடம் மன்னிப்புக் கேட்பது வழக்கம். கற்பூரம் ஏற்றப்படும். பார்க்கும் பெண்களில் சிலருக்கு அருள் வரும். இங்கே 'அத்துமீறல்' என்பது கதையில் ஒரு திருப்பத்துக்காக வீசப்படும் அலறல் இல்லை. நடிப்பவனே அஞ்சும் காரியம். நம் வீதி நாடகத்தில் பலாத்காரக் காட்சிக்கு நடிகன் இப்படி ஒரு கணம் நின்று யோசிப்பதுண்டா? 'எப்படிக் காட்டுவது' என்று யோசிக்கிறோம், 'காட்டலாமா' என்று யோசிப்பதில்லை.

ஆனால் கூத்தைத் தூக்கிக் கொண்டாடவும் முடியாது. திரௌபதி வேஷம் கட்டுவது காலங்காலமாக ஆண். அம்மனைக் கும்பிடும் ஊர், பெண் கூத்தாடினால் ஏற்றுக்கொண்டதில்லை. பாரதம் நடத்தும் உரிமையில், கோயில் மரியாதையில், யார் எங்கே உட்கார்ந்து பார்ப்பது என்பதில் சாதி இருக்கிறது. பாஞ்சாலியின் கோபமும் கடைசியில் கூந்தல் முடிப்பதில், அதாவது கணவன்மார் ஜெயித்துக் கொடுத்ததில், அடங்கிப்போகிறது. இத்தனையும் உண்மை. இருந்தாலும் ஒன்றைத் தவறவிடக்கூடாது. பல ஊர்களில் படுகளத்தின்போது துடைப்பமும் முறமும் வரும். திரௌபதி வேஷக்காரர் அவற்றால் ஜனங்களை அடிக்க, ஆண்கள் உட்பட எல்லோரும் முதுகைக் காட்டி வாங்கிக்கொள்வார்கள், நல்லது என்று நம்பிக்கை. வீட்டுவேலையின் கருவி, பெண்ணின் கையோடு பிறந்ததாகச் சொல்லப்படும் கருவி, அன்றைக்கு ஒருநாள் அதிகாரத்தின் கோலாகிறது.

இதே துடைப்பம் உலக அரசியல் அரங்கின் வரலாற்றிலும் வருகிறது. 1970களில் பெருவில், அகஸ்தோ போவால் தன் நாடகத்தில் ஒரு பெண்ணின் பிரச்சினையைக் காட்டிவிட்டு, 'இப்போது அவள் என்ன செய்யலாம், சொல்லுங்கள்' என்று கூட்டத்தைக் கேட்கிறார். ஒரு அம்மா சொல்கிறார். நடிகை நடித்துக் காட்டுகிறார். 'அப்படி இல்லை' என்கிறார் அந்த அம்மா. மறுபடியும் நடிக்கிறார்கள். மறுபடியும் 'அப்படி இல்லை'. பொறுக்க முடியாமல் போவால் அவரையே மேடைக்கு அழைக்க, அவர் துடைப்பத்தை எடுத்துக் கணவன் வேஷக்காரரை வெளுத்து வாங்கிவிட்டார். பார்வையாளர் தானே நடிகராகும் மன்ற அரங்கு அந்த இடத்தில்தான் பிறந்தது என்று போவால் சொல்கிறார். ஒரு பெண்ணுக்காக நாம் எவ்வளவு நன்றாக நடித்தாலும் அது அவள் நினைத்தது இல்லை என்பதுதான் அந்தக் கதையின் பாடம். ஆனால் நாம் பாடத்தை விட்டுவிட்டுப் பயிற்சிமுறையை மட்டும் எடுத்துக்கொண்டோம். பட்டறைகளில் விளையாட்டு நடக்கிறது, துடைப்பம் மூலையில் இருக்கிறது.

5

பெண்களே செய்த குறுக்கீடுகள் இல்லாமல் இல்லை. 1979ல் டெல்லியில் வரதட்சணைச் சாவுகளுக்கு எதிராக 'ஓம் ஸ்வாஹா', அதே ஆண்டில் ஜன நாட்டிய மஞ்ச்சின் 'ஔரத்', 1983ல் மகாராஷ்டிரத்தில் ஸ்த்ரீ முக்தி சங்கட்டனாவின் 'முல்கி ஜாலி ஹோ'. தமிழில் இந்த வேலையை விடாமல் செய்தவர்களில் முக்கியமானவர் அ.மங்கை. இடதுசாரி வீதி நாடகத்துக்குள்ளிருந்து வந்து, மீனா சுவாமிநாதனோடு 'வாய்ஸிங் சைலன்ஸ்' என்ற முயற்சியில் 1990களில் இயங்கினார். பெண் சிசுக்கொலை பற்றிய 'பச்ச மண்ணு' அப்படி வந்தது.

சிசுக்கொலை என்றாலே உசிலம்பட்டி என்று ஒரு ஊர்மேல், ஒரு சாதிமேல் பழிபோட்டுப் பத்திரிகைகள் தப்பித்துக்கொண்டிருந்த காலம். நம் வட்டாரத்திலேயே, கே.வி.குப்பம் ஒன்றியத்துக் கிராமங்களில் சபு ஜார்ஜ், ராஜரத்தினம் ஏபெல், பார்பரா மில்லர் ஆகியோர் செய்த ஆய்வு 1992ல் வெளிவந்து, இங்கேயும் அது நடக்கிறது என்று காட்டியது. பிரச்சாரம் முழுக்க 'கொலைகாரத் தாய்' என்று விரலை நீட்டியபோது, 'பச்ச மண்ணு' அந்தச் சாவைப் பெண் வாழ்வைச் சுற்றிய சடங்குகளின் வரிசைக்குள் வைத்துப் பேசியது. கேள்வி ஒருத்தியின் கொடூரம் பற்றியதாக இல்லாமல், பெண்ணை ஒவ்வொரு படியிலும் செலவாகக் கணக்குப் பார்க்கும் ஏற்பாடு பற்றியதாக மாறியது. விரல் நீட்டும் திசையை மாற்றுவதுதான் அரசியல் அரங்கில் பெண்ணியம் செய்யும் வேலை. பெண் பாத்திரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுவது அல்ல.

இன்குலாப் எழுதி மங்கை இயக்கிய 'ஔவை' (1998) இன்னொரு வகை. கம்பூன்றிய கிழவி என்று பாடப்புத்தகம் பதிய வைத்த பிம்பத்தைக் கழற்றி, சங்கப் பாடல்களின் வழியே ஊர்சுற்றும், கள்ளருந்தும், அரசனோடு சமமாகப் பேசும் விறலியை வைத்தது. அதற்கு முன்பே சே.ராமானுஜம் யூரிப்பிடிஸின் டிராய் நகரப் பெண்களை ஒப்பாரி வழியே 'வெறியாட்ட'மாக்கியிருந்தார். ஒப்பாரி நம் பெண்கள் கையில் இருக்கும் பொதுப்பேச்சு. செத்தவனைப் புகழ்வதாகத் தொடங்கி உயிரோடிருப்பவனைக் கிழிப்பது. எந்த அரசியல் நாடகக் குழுவும் அதைச் சோகக் காட்சிக்கான பின்னணி இசையாக வைத்துக்கொண்டதே தவிர, வாதமாக வைத்துக்கொண்டது குறைவு.

ஆனால் இந்த இடத்தில் தோல் நிலம் இன்னொரு கேள்வியைப் போடுகிறது. எந்தப் பெண்? 'தலித் பெண்கள் வேறுவிதமாகப் பேசுகிறார்கள்' என்று கோபால் குரு 1995ல் எழுதியபோது, மேல்சாதிப் பெண்ணியத்தையும் தலித் ஆண் தலைமையையும் ஒன்றாகவே கேள்விக்குட்படுத்தினார். தமிழில் இதை மேடையில் முன்கூட்டியே தொட்ட பிரதி கே.ஏ.குணசேகரனின் 'பலி ஆடுகள்'. கோயில் காரியத்துக்கு நரபலி. பலிக்கான கை முதலில் தலித் ஆணை நோக்கி நீள்கிறது, கடைசியில் தலித் பெண்மேல் போய் விழுகிறது. ஒரு தலித் நாடகம் தன் ஆண்களையும் பார்த்துக் கேள்வி கேட்டது பெரிய நேர்மை. எதிரியை மட்டும் காட்டி முடித்திருந்தால் கைதட்டல் சுலபமாகக் கிடைத்திருக்கும். இருந்தும் அந்தப் பெண் பலியாகவே முடிகிறாள். அவள்மேல் நடப்பதை நாம் பார்க்கிறோம், அவள் பார்ப்பதை நாம் பார்க்கவில்லை. இது குணசேகரனுக்கு எதிரான குற்றச்சாட்டு இல்லை. அவர் விட்ட இடத்திலிருந்து நாம் நகர்ந்தோமா என்ற கேள்வி.

ஆம்பூர்-வாணியம்பாடியில் இன்னொருத்தியும் இருக்கிறாள். வீட்டில் உருது பேசும் முஸ்லிம் பெண். நம் நாடகத்தில் முஸ்லிம் என்றால் தாடி, தொப்பி, மதநல்லிணக்கப் பாட்டு. இல்லையென்றால் தோல் முதலாளி. கூலிக்காரியான முஸ்லிம் பெண் வருவதே இல்லை. தலித் பெண்ணும் முஸ்லிம் பெண்ணும் ஒரே கம்பெனியில் தோளோடு தோள் உட்கார்ந்து ஒரே அப்பரைத் தைக்கும் ஊரில், அவர்கள் தங்களுக்குள் என்ன பேசிக்கொள்கிறார்கள், சாப்பாட்டைப் பகிர்ந்துகொள்கிறார்களா, எந்தச் சொல்லில் ஒருவரை ஒருவர் கூப்பிடுகிறார்கள் என்பது எந்த நல்லிணக்கப் பாட்டையும்விடப் பெரிய அரசியல்.

6

இதையெல்லாம் சொன்னால் உடனே வரும் பதில்: 'பெண்கள் குழுவுக்கு வந்தால்தானே?' ஏன் வருவதில்லை என்பதற்கு வெட்கம், வீட்டுக் கட்டுப்பாடு என்று காரணம் சொல்கிறோம். காரணம் நம் அரங்கின் அமைப்பிலேயே இருக்கிறது.

நடிகை என்றால் தமிழ்ச் சமூகம் என்ன சொல்லும் என்பதை ஸ்பெஷல் நாடக நடிகைகளோடு பழகி சூசன் சைசர் 2005ல் ஒரு புத்தகமே எழுதினார். பொதுவெளியில் நடமாடுவதே 'கெட்ட பெயர்' ஆகும்போது, அந்த நடிகைகள் தம்மை மறைத்துப் பயணம் செய்யவும் உறவுமுறை சொல்லிக் கூப்பிடவும் எத்தனை உத்திகள் வைத்திருக்கிறார்கள் என்று காட்டினார். கும்பகோணம் பாலாமணி தனிப் பெண்கள் கம்பெனி நடத்திய தமிழ்நாடு இது. கே.பி.சுந்தராம்பாள் காங்கிரஸ் மேடைகளில் பாடிக் கூட்டம் கூட்டிய தமிழ்நாடு இது. இருந்தும் அந்த மரபை 'ஒழுக்கமான' அரசியல் நாடகம் தன் முன்னோடியாகச் சொல்லிக்கொள்ளக் கூச்சப்பட்டது. அந்தக் கூச்சம் இன்றைக்கும் குழுவுக்கு வரும் பெண்மேல்தான் விழுகிறது. ஒத்திகை ராத்திரி எட்டு மணிக்கு, டீக்கடை பின்னால், கடைசி பஸ் போன பிறகு முடிந்தால் எந்தப் பெண் வருவாள்?

வட்டம் போட்டு நிற்கும் கூட்டத்தையும் பாருங்கள். தெருமுனை என்பது ஆண்களின் இடம். சாயங்காலம் ஆறரை மணி என்பது ஆண்களின் நேரம். அந்த நேரத்தில் கம்பெனிப் பெண் வண்டியிலிருந்து இறங்கி, தண்ணீர் பிடித்து, உலை வைத்துக்கொண்டிருக்கிறாள். வீதி நாடகம் மக்களைத் தேடிப் போகிறது என்று பெருமையாகச் சொல்கிறோம். பாதி மக்களைத் தேடிப் போகிறது என்று சொன்னால் கணக்கு சரியாக இருக்கும். 1991ல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளையும் கற்றுக்கொடுத்தபோது என்ன நடந்தது? பெண்கள் தெருவில் இருப்பதே காட்சியாக மாறியது. கலாஜாதா நாடகங்களைவிடப் பெரிய அரங்கு அந்தச் சைக்கிள்தான். இடமும் நேரமும் வாகனமும் யாருடையது என்பதே முதல் நாடகப் பிரச்சினை. வசனம் ரெண்டாவது.

சஃப்தர் ஹஷ்மி 1989 ஜனவரி 1 அன்று ஜண்டாபூரில் நடித்துக்கொண்டிருக்கும்போது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். நாம் ஒவ்வொரு ஆண்டும் அவரை நினைவுகூர்கிறோம். ஜனவரி 4 அன்று அதே இடத்துக்குப் போய் நின்றுபோன நாடகத்தை நடித்து முடித்தவர்களின் முன்னால் நின்றவர் மொலோயஸ்ரீ ஹஷ்மி. அவரைப் பற்றி நம் மேடைகளில் எப்படிப் பேசுகிறோம்? 'சஃப்தரின் துணைவி, கணவனை இழந்த மூன்றாம் நாளே...' அதாவது மறுபடியும் முதல் வேஷம், தியாகம். அவர் அந்தக் குழுவின் தொடக்க காலத்திலிருந்தே தேர்ந்த நடிகை, அன்றைக்கு அவர் தன் வேலையைச் செய்யப் போனார் என்று சொல்ல நமக்கு வாய் வரவில்லை. மேடையில் மட்டுமா, நம் அஞ்சலிக் கூட்டத்திலும் பெண் வேலையில்லாமல்தான் வருகிறாள்.

பெண் வேஷம் என்பதையும் திரும்ப யோசிக்க வேண்டும். ஆண் சேலை கட்டினால் சிரிப்பு என்பது நம் குழுக்களிலும் எழுதாத விதி. அந்தச் சிரிப்பு யாரைப் பார்த்து என்பதைத் திருநங்கைகள் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். கண்ணாடிக் கலைக் குழு மேடைக்கு வந்தது. ஏ.ரேவதி தன் 'வெள்ளை மொழி'யைத் தானே தனிநடிப்பாக நிகழ்த்துகிறார். அவர்கள் வந்த பிறகும் சேலையைக் கிச்சுக்கிச்சு மூட்டும் துணியாகப் பயன்படுத்துகிற குழு, தன்னை அரசியல் அரங்கு என்று சொல்லிக்கொள்ளக் கூடாது.

7

'இதெல்லாம் வர்க்க ஒற்றுமையைப் பிளக்காதா?' என்று கேட்கும் தோழருக்கு ஒரு பதில். ஒற்றுமை ஏற்கெனவே பிளந்துதான் கிடக்கிறது. கம்பெனிக்குள் இருப்பவளையும் திண்ணையில் இருப்பவளையும் பிரித்து வைத்திருப்பது முதலாளி செய்த ஏற்பாடு. ஒருத்தி சங்கம் வைத்தால் வேலையை இன்னொருத்திக்கு மாற்றிக் கொடுத்துவிடலாம். அந்தப் பிளவை மேடையில் காட்டாத நாடகம் ஒற்றுமையைக் காப்பாற்றவில்லை, ஏற்பாட்டைக் காப்பாற்றுகிறது. கணவன் மனைவிக்குத் தெளிவு கொடுக்கும் காட்சியைத் தூக்கிப்போட்டுவிட்டு, கம்பெனி மகளும் திண்ணைத் தாயும் ஒரு ஜோடி ஷூவுக்கு யாருக்கு எவ்வளவு என்று கணக்குப் போடும் காட்சியை வையுங்கள். அதில் கொடி வேண்டாம், முஷ்டி வேண்டாம். கூட்டல் கழித்தல் போதும். பிரெக்ட் கேட்ட 'விலகி நின்று பார்த்தல்' அதைவிட நன்றாக எங்கே கிடைக்கும்?

அந்த நாடகத்தை யார் எழுதுவது? நாம் அவர்களிடம் 'தகவல் சேகரித்து' எழுதுவதென்றால் பழைய கதைதான். தைக்கும் கை நிற்காமலே பேச முடியும். நடவுப் பாட்டு அப்படித்தான் பிறந்தது. திண்ணைக்குப் போய், தைப்பதை நிறுத்தச் சொல்லாமல் (நிறுத்தினால் கூலி போகும்), அங்கேயே கேட்டு, அங்கேயே நடித்துக் காட்டி, 'அப்படி இல்லை' என்று அவர்கள் சொல்லும்வரை காத்திருக்க வேண்டும். வங்காளத்தில் ஜன சன்ஸ்க்ருதி மன்ற அரங்கைக் கிராமத்துப் பெண்கள் குழுக்களிடமே கொண்டு சேர்த்திருக்கிறது. முடியாத காரியம் இல்லை. ஒத்திகை ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது குழுவின் ஆண்கள் பொறுப்பு, உருதும் தமிழும் ரெண்டும் மேடையில். இவற்றை நிர்வாக விஷயம் என்று ஒதுக்காதீர்கள். அழகியல் இங்கேதான் தொடங்குகிறது.

'அப்படி இல்லை' என்று ஒருத்தி சொல்லும்போது நடிகர்களாகிய நமக்குச் சுருக்கென்று இருக்கும். இருக்கட்டும். அடுத்த நாடகத்தை அந்த இடத்திலிருந்து ஆரம்பிப்போம்.